போர்டுக்கு வைத்த நாலு பொட்டு

அன்றைக்கு அந்த வகுப்பறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை, அறிவியல் ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தேழு பேர், எங்கள் கான்ட்ராக்டர், நான். மொத்தம் முப்பத்திரண்டு. இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம், "யாருடா பாத்தா?" என்று பின்னால் ஒரு கேள்வி வந்தது. முப்பத்திரண்டு பேரும் பார்த்தோம்.

ஸ்மார்ட் போர்டு மாட்டுவது என் தொழில். அது குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. முதல் நாளே போய்ச் சுவரில் ஓட்டை போட்டு, மட்டம் பார்த்து, போர்டை மாட்டி, மேலே புரொஜெக்டரையும் பொருத்தினேன். எனக்குப் பயந்த சுபாவம். ஒரு நட்டை மூன்று முறை முறுக்குவேன். வீட்டுக்குப் போன பிறகும் அது கழன்றிருக்குமோ என்று யோசிப்பேன். கேலிப்ரேஷன் என்று ஒன்று உண்டு. திரையில் வரும் புள்ளிகளை வரிசையாகத் தொட்டு, விரல் எங்கே படுகிறது என்று போர்டுக்குப் பழக்குவது. அதையும் மூன்று முறை செய்தேன். விரலால் என் பெயரை எழுதிப் பார்த்தேன். சுத்தமாக விழுந்தது.

மறுநாள் காலை திறப்பு. கான்ட்ராக்டர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். புது வண்டிக்கு வைக்கிற மாதிரி நாலு மூலையிலும் கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். சட்டத்தின் உள்விளிம்பில் வைத்தார். சென்சார் இருப்பதே அங்கேதான். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு ஓடும். விரல் மறைத்தால், இங்கே தொடுகிறார்கள் என்று போர்டு புரிந்துகொள்ளும். சந்தனம் மறைத்தாலும் அதற்கு விரல்தான்.

எனக்கு அப்போதே தெரியும். வாயைத் திறக்கவில்லை. சாமி காரியம், சூடம் வேறு எரிகிறது, அபசகுனமாகப் பேசினான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

கார்த்திகா என்ற பிள்ளையைப் பெயர் எழுதக் கூப்பிட்டார்கள். அவள் 'கா' போடுவதற்குள் மூலைக்கு மூலை கோடு தானாக ஓடியது. விரலை எடுத்த பிறகும் நிற்கவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போர்டுக்குச் சாமி வந்துருச்சுப்பா" என்றார் கழகத் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த போர்டு அது. பிள்ளைகள் எழுதுகிற வீடியோவை அன்றே அவர்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

கான்ட்ராக்டர் என்னைக் கைகாட்டினார். "எட்டாப்பக்கூடத் தாண்டாத ஆளு மேடம். இவனை நம்பி விட்டேன் பாருங்க, என்னையச் சொல்லணும்."

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொன்னார். இருபத்தேழு முகமும் என் பக்கம் திரும்பியது. நான் எட்டில் பாதியில் நின்றவன்தான். ஆனால் சென்சாரில் சந்தனம் அப்பியது நின்றுபோன என் படிப்பு இல்லை.

அறிவியல் ஆசிரியர்தான் என்னிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்கண்ணே, என்னவா இருக்கும்?"

அந்த மரியாதையில் எனக்குக் குரல் வந்தது. "பொட்டு சார். அதைத் தொடைச்சா சரியாயிரும்."

"சாமிப் பொட்டையே குறை சொல்றான் பாருங்க" என்று கான்ட்ராக்டர் எகிறினார். "நான் சென்சார்ல வச்சேனா? யாருடா பாத்தா?"

தலைமையாசிரியை கைக்குட்டையை நனைத்துப் பிழிந்தார். "பொட்டை நானே எடுக்குறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

நான் போர்டை அணைத்தேன். அவர் நாலு மூலையையும் துடைத்தார். காய்ந்ததும் மறுபடி போட்டேன். கார்த்திகா தன் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதினாள். வீடியோவில் அவள் பக்கத்தில் கான்ட்ராக்டர் கைகட்டி நிற்கிறார். நான் கிடையாது.

சாயங்காலம் என் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, மானம் போனதற்கு என்றார். யாருடைய மானம் என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் வண்டி ஓட்டும்போது அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்டுக்கொண்டு போகிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இப்போதெல்லாம் போர்டை மாட்டியதும், பக்கத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டி 'பொட்டு இங்கே வைக்கவும்' என்று எழுதிவிடுகிறேன். எந்தப் பள்ளியிலும் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சிரித்துக்கொண்டே அதில்தான் வைக்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சந்தனம் கிண்ணத்தில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அப்பிய பிறகு சொன்னால், குற்றம் சொன்னவன் மேல்தான் ஒட்டும்.

அந்தக் கான்ட்ராக்டரிடம் நான் இப்போது வேலை பார்ப்பதில்லை. அவர் எனக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து நானூறு ரூபாய்.