லாபம், ரெண்டு, மூணு

என் வீட்டு அரிசிப் பானைக்குள், அரிசி அளக்கிற ஒரு மர நாழி கிடக்கிறது. வாயில் பித்தளைப் பூண் போட்டது, கறுத்துப்போன பலாமரம். உள்ளே கையை விட்டுத் தடவினால் விரலில் மூன்று கோடுகள் தட்டும். அரிசி கீழ்க்கோட்டில் நின்றால் உழக்கு, நடுக்கோட்டில் நின்றால் உரி, மேல்கோட்டில் மூன்று உழக்கு, தலை தட்டினால் நாழி. கத்தி நுனியால் அந்தக் கோடுகளைக் கீறியவள் என் அக்கா. லட்சுமி குடியிருக்கிற பாத்திரத்தில் கத்தி வைத்துவிட்டாள் என்று அப்பா புளியங்கம்பை எடுத்தார். அன்று சாயங்காலமே கால், அரை, முக்கால் மூன்றும் எனக்குத் தெரிந்துவிட்டன. அடி வாங்கிய கையாலேயே அரிசியைக் கொட்டிக் கொட்டிக் காட்டினாள்.

நாலு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பிப் போனது. பள்ளிக்கூடம் ஒரு மைல் தூரம், நடுவில் வாய்க்கால். நொண்டிப் பிள்ளைக்கு என்னத்துக்குப் படிப்பு என்று அப்பா விட்டுவிட்டார். என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா ஏழாம் கிளாசில் முதலாவதாக இருந்தாள். வயசுக்கு வந்ததும் அவளையும் நிறுத்தினார்கள். சடங்கு வைத்து, ஊருக்கெல்லாம் சோறு போட்டு, அதே வாரம் அவளுடைய புத்தகங்களை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். ஆக வீட்டுக்குள் இரண்டு பேர் கிடந்தோம். ஒருத்திக்கு நடக்க முடியவில்லை, ஒருத்தியை நடக்க விடவில்லை. எழுபது வருஷம் ஆகிவிட்டது, சவத்தை விட்டுத் தள்ளு என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அக்கா அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. அடுக்களையையும் முற்றத்தையும் எடுத்து எனக்குப் பள்ளிக்கூடம் வைத்தாள். கயிற்றை வளைத்து எழுத்து. தென்னை ஈர்க்கிலை ஒடித்து முக்கோணம், சதுரம். பனங்காய் ஒன்றில் ஈர்க்கில் குத்தி, நம்மூர் இருக்கிற இடத்தில் ஒரு குன்றிமணியைப் பதித்து, வாசல் வெயிலில் சுற்றிக் காட்டினாள். குன்றிமணி நிழலுக்குள் போனால் நமக்கு ராத்திரி என்றாள். முற்றத்துத் தென்னையின் நிழலையும் குடைக்கம்பின் நிழலையும் அளந்து மரத்தின் உயரத்தை என்னைக் கணக்குப் போட வைத்தாள். தேங்காய் பறிக்க வந்தவரிடம் கயிற்றைக் கொடுத்து மேலேயிருந்து தொங்கவிடச் சொன்னாள். என் கணக்குக்கும் கயிற்றுக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம். அன்றைக்கு அவள் ஆடின ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

புத்தகங்கள் சந்தியில் இருந்த வாசகசாலையிலிருந்து வந்தன. அங்கே பெண்கள் ஏறக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கவில்லை, ஆனால் ஏறினவள் யாரும் இல்லை. அப்பா அங்கே உறுப்பினர். ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தி வழியாக நடப்பதில் அவருக்கு ஒரு கௌரவம், அவ்வளவுதான். பிரித்துப் பார்க்க மாட்டார். அக்கா அவர் கையெழுத்தைப் போலவே எழுதப் பழகினாள். திருப்பிக் கொடுக்கும் புத்தகத்துக்குள், அடுத்து என்ன வேண்டும் என்று ஒரு சீட்டு வைத்துவிடுவாள். நட்சத்திரம் பற்றி, செடிகொடி பற்றி, தேசங்கள் பற்றி. எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்த காலம், பாதிப் புத்தகம் மலையாளம். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று வெளியே ஊர்வலம் போகும். உள்ளே அவள் மலையாளத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். எங்கள் அப்பாவைப் போல ஆழ்ந்து படிக்கிறவர் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று வாசகசாலைக்காரர் எங்கள் மாமாவிடம் சொன்னாராம். அப்பா அதை மறுக்கவே இல்லை.

எண்ண மட்டும் நான் கற்றுக்கொண்டது நாழியால். எங்கள் பக்கத்தில் களத்தில் நெல் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். தொடக்கம் மங்களமாக இருக்கவேண்டும் என்று ஒரு வழக்கம். அக்காவும் அப்படித்தான் அளந்தாள், நானும் அப்படித்தான் எண்ணினேன். சிலேட்டில் எழுதினால் ஒன்று, குவியலை எண்ணினால் லாபம். எனக்கு அதில் குழப்பமே கிடையாது. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு ஒன்பது வயது ஆனபோது அக்கா அப்பாவின் காலைப் பிடித்தாள். பரீட்சை வைத்துப் பார்த்து நேரே ஐந்தாம் கிளாசில் சேர்க்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வழி இருந்தது. அப்பா மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை வில்வண்டி கட்டினார். தலைமை ஆசிரியரை ஊரில் ‘பெரிய சார்’ என்பார்கள். அவர் அறையில் அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள், என்னைத் தரையில் உட்கார வைத்தார்கள். வயசுக்கு வந்த பெண் உள்ளே வரக்கூடாது என்று அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

நான் பூமியைப் பற்றிக் கேட்பார், முக்காலைப் பற்றிக் கேட்பார் என்று தயாராக இருந்தேன். பெரிய சார் ஒரு கிண்ணத்திலிருந்து புளியங்கொட்டையைத் தரையில் கொட்டி, எண்ணு என்றார். நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். “லாபம், ரெண்டு, மூணு…”

அறை முழுக்கச் சிரிப்பு. மற்ற வாத்தியார்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இது பள்ளிக்கூடமா, நெல்லுக் களமா? காலுதான் இல்லேண்ணு பாத்தேன், தலையும் இல்லே போலிருக்கு.”

அப்பாவும் சிரித்தார். நான் அதை எழுதாமல் விடமாட்டேன். பெற்ற மகளின் காலைச் சொல்லிச் சிரிக்கிறவனோடு சேர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். பெரிய சார் தெரியாமல் சிரித்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டுக் களம் இருந்தது. அங்கேயும் லாபம் என்றுதான் அளந்தார்கள். கேட்டு வளர்ந்த மனுஷன்தான். வீட்டில் இருப்பது பள்ளிக்கூடத்துக்குள் நுழையக்கூடாது என்பதுதான் அவர் படித்த படிப்பு.

அப்போது ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. உரக்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

“ஒண்ணுண்ணு சொன்னா என்ன, லாபம்ண்ணு சொன்னா என்ன சார்? எண்ணம் சரிதானே?”

சிரிப்பு நின்றது. எண்ணம் சரிதான். இருபத்து மூன்று கொட்டை, நான் கடைசிவரை எண்ணியிருந்தேன். பெரிய சார் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவைப் பார்த்து, வளர்ந்த பெண்ணுக்கு வாய் நீளம், சீக்கிரம் ஒரு இடம் பாரும் என்றார். என்னை ஒன்றாம் கிளாசில் எழுதிக்கொண்டார்.

ஒன்பது வயதில் மூக்கொழுகும் குழந்தைகளோடு உட்கார்ந்தேன். லாபம் என்றே என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான், ஆள் மாறி வந்த ஒரு டீச்சர் என்னைத் தூக்கி மேல்வகுப்பில் போட்டாள். அக்காவுக்கு அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த கூலி வேறு. வாசகசாலையிலிருந்து புத்தகம் வருவது அன்றோடு நின்றது. ஆவணியில் அவளை, மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதினாறு வயது. போகும்போது இந்த நாழியை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நான் பிறகு படித்து, ஆசிரியையாகி, முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றேன். என்னிடம் படித்த பிள்ளைகளெல்லாம் அவள் கீறிய கோட்டிலிருந்துதான் கால் அரை படித்தார்கள். அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

போன வாரம் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. விழாவில் பெரிய சாரின் படத்தைத் திறந்து வைக்கிறார்களாம். கல்விக்கண் திறந்த பெருந்தகை என்று அச்சடித்திருக்கிறார்கள். மாலை அணிவிப்பது, பழைய மாணவி என்ற முறையில், நான்.

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். மகன் வீட்டில் இருக்கிறாள், கண்ணில் புரை. படிக்கச் சொன்னாள். எனக்கு எழுத்துக் காட்டியவளுக்கு நான் அதைப் படித்துக் காட்டவேண்டியிருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, “கொள்ளாம், நல்ல தாளா இருக்கு” என்று தடவிப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்குக் கோபமே வராதா என்று கத்தினேன்.

அக்கா அழைப்பிதழை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: “ஏட்டி, அண்ணைக்கு நான் அவருகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். இண்ணு வரைக்கும் பதில் வரல்ல. பதில் வந்த பெறவு மாலை போடு.”

பெரிய சார் செத்து நாற்பது வருஷம் ஆகிறது. அழைப்பிதழை நாழிக்குள் சுருட்டிப் போட்டிருந்தேன். இன்று காலை உலை வைக்க அரிசி எடுக்கும்போது அதை வெளியே எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தேன். பிறகு குனிந்து அளந்தேன். லாபம்.