வழுக்கைத் தலைக்கு எண்ணெய்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தத்துவத்துக்கு மொத்தக் குத்தகை நான்தான். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. கேள்வி ஞானம் மட்டும் ஏராளம். காப்பிக்கடையில் யாராவது நல்லதாக ஒன்று சொன்னால், மாலைக்குள் அது என் பெயரில் குழுவில் ஏறிவிடும்.

இந்தத் தீபாவளிக் காலையிலும் ஈப்போ வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஒன்றைத் தட்டிவிட்டேன்: "கைப்பேசியை வையுங்கள், உறவுகளின் கையைப் பிடியுங்கள்." பின்னணியில் பூ, விளக்கு. கைதட்டல் குறிகள் குவிந்தன. அத்தனைக்கும் நன்றி தட்டிக்கொண்டிருந்தேன், கைப்பேசியை வைக்காமல்.

ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சுங்காயிலிருந்து அக்கா குரல்பதிவு அனுப்பினாள். "நல்லா சொன்ன தம்பி. எப்ப வார?"

"ஹைவேயில ஜாம்க்கா. வீடியோ கால்ல வாரேன்லா."

வீடியோவில் அவள் பழைய கைலியில், கலைந்த தலையோடு இருந்தாள். பக்கத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணம்.

"இன்னும் குளிக்கலையாக்கா?"

"வேலை இருக்குலா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கைப்பேசியை அணைத்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "உங்க அம்மா தவறினதிலேருந்து, தீபாவளிக்கு உங்க தலைக்கு எண்ணெய் வச்சிட்டுத்தான் உங்க அக்கா குளிப்பாங்க. மறந்துட்டீங்களா? ஊருக்கு உபதேசம் மட்டும் குறைச்சல் இல்ல."

உடனே காரை எடுத்தேன். வழியில் ஜாமாவது ஒன்றாவது! செம்பனை மரங்கள்தான் வரிசை கட்டி நின்றன.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே கைப்பேசியில் எதையோ தட்டினாள். என் சட்டைப்பை கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தால், காலையில் நான் அனுப்பிய அதே பூ, அதே விளக்கு.

"வந்தாச்சுல்ல, பிடிங்க கையை, சாமியாரே," என்றாள்.

பலகையில் உட்கார வைத்து, எண்ணெயை மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்தாள். என் தலையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்கடா வைக்கிறது? புதுசா தார் போட்ட ரோடு மாதிரி இருக்கு."

"காதோரம் கொஞ்சம் இருக்குக்கா."

"அதுக்குத்தான் காலையிலேருந்து காத்துக்கிட்டு இருந்தேன் பாரு. கண்ணை மூடு."

மூடினேன். உச்சியில் அவள் உள்ளங்கை சூடாகப் பதிந்தது. பையில் கைப்பேசி துடித்தது. இன்னும் யாரோ கைதட்டுகிறார்கள் போலும். எடுக்கவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், நெற்றியில் வழிந்ததைத் துடைத்துக் கையெல்லாம் எண்ணெய்.

மிச்ச எண்ணெயைத் தன் தலையில் தேய்த்துக்கொண்டு, புதுச் சேலையைத் தோளில் போட்டபடி அக்கா உச்சிவெயிலில் குளிக்கப் போனாள்.

"நான் வாரதுக்குள்ள மட்டன் பெரட்டல்ல கை வச்சே, தொலைச்சேன்!" என்ற குரல் மட்டும் குளியலறையிலிருந்து வந்தது.