அப்பா பேசும் இடம்

எங்கள் கல்யாண டிவிடி கெட்டுப்போயிருந்தது அப்பா இறந்த பிறகுதான் தெரிந்தது. காரியங்கள் முடிந்து திருநெல்வேலியிலிருந்து தில்லிக்குத் திரும்பிய வாரம், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின் முன்னறையில் அதை எடுத்துப் பிளேயரில் போட்டேன். உள்ளே சுற்றிச் சுற்றி ஓய்ந்து, தட்டே இல்லை என்று திரை சொன்னது. புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி போட்டேன். அதே பதில். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது விளிம்பிலிருந்து பூச்சு உரிந்து வந்திருந்தது. ஊரில் வீடியோ எடுத்தவருக்குப் போன் செய்தேன். பழைய கல்யாணங்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் புதியவற்றுக்கு இடம் பண்ணுவோம் என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

அப்பாவின் படங்கள் நிறைய இருந்தன. குரல் எங்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசியதெல்லாம் பேசியதோடு சரி. கல்யாண வீடியோவிலும் முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். மேளச் சத்தம்கூடக் கேட்காது. ஆனால் பந்தி நடக்கும்போது ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதில் அப்பா யாரிடமோ பேசுவார். என்ன பேசினார் என்பது எனக்கு நினைவில்லை. பேசினார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

தட்டில் இருந்ததை ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்ததாக என் கணவர் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. ஏற்றித்தான் வைத்திருந்தார், அவருடைய பாணியில். பெரிய பெரிய கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, கூட இருந்த சின்னக் கோப்புகளை இடத்தை அடைக்கிறதென்று அழித்திருந்தார். பெரியவற்றுக்கும் பழைய பெயர்களை மாற்றி, திறந்தவுடன் கண்ணில் பட்டதைப் பெயராக வைத்திருந்தார்: சாப்பாடு, மாலை, கூட்டம், மறுபடியும் கூட்டம். கம்ப்யூட்டரில் தட்டினால் அவை துண்டு துண்டாக ஓடின. அப்படியே ஒரு புதுத் தட்டில் எழுதிப் பிளேயரில் போட்டால் திரை கறுப்பாகவே இருந்தது. என் அம்மாவிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அவளிடம் இருந்தது ஒரு டிவியும், என் தம்பி வாங்கிக் கொடுத்த டிவிடி பிளேயரும்தான். தீபாவளி கழித்துத் தில்லிக்கு வருவதாக இருந்தாள். "உங்கப்பா பேசுறது அதுல இருக்குன்னியே, எனக்கு ஒண்ணு எடுத்து வை" என்று போனில் சொல்லியிருந்தாள்.

அப்போது மதினி எங்களோடுதான் இருந்தாள். என் கணவரின் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்தில் நாத்தனாரை நாங்கள் மதினி என்றுதான் கூப்பிடுவோம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அந்த வருஷத் தொடக்கத்தில் ஃபரீதாபாத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்துவிட்டாள். அவளுக்கும் கணவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை எழுதும் உரிமை எனக்கில்லை. அவள் திரும்பிப் போகமாட்டாள் என்பது மட்டும் வந்த அன்றைக்கே எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதுவரை வாய் நிறைய மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்த என் மாமியார் அந்த ஆளு என்று சொல்ல ஆரம்பித்தார். மருமகன் இருந்த படங்களைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். மதினி எதையும் தடுக்கவில்லை. காலையில் ஆபீஸ் பஸ், மாலையில் காய் நறுக்குவது, துணி மடிப்பது என்று யாருக்கும் பாரமில்லாமல் இருந்துவிட வேண்டும் என்பதுபோல இருந்தாள். அவளாகப் பேச்சை ஆரம்பித்து நான் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

டிவிடி விஷயத்தை அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றே இருந்தேன். எங்கள் கல்யாணத்தில் அவளும் அவள் கணவரும்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர்கள். படம் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்தே வருவார்கள். ஆனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நகரு" என்றாள்.

"வேண்டாம் மதினி. கடையில குடுத்துக்கிடுதேன்."

"கடைக்காரனுக்கு நம்ம கல்யாணத்துல எது முன்னே எது பின்னேன்னு தெரியுமா?"

அவள் சொன்னது சரிதான். தன் தம்பி அழித்த சின்னக் கோப்புகள்தான் பிளேயருக்கு வழி சொல்பவை, எங்கே ஆரம்பிக்க வேண்டும், எதற்குப் பின் எது என்று அவற்றில்தான் இருக்கும் என்றாள். இணையத்தில் தேடி, அவற்றைப் புதிதாக உண்டாக்கித் தரும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினாள். ஆனால் அதற்கு முன் பெரிய கோப்புகளை வரிசைப்படுத்தி அவற்றின் பழைய பெயர்களைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு கோப்பும் ஒரு குறிப்பிட்ட அளவு நிரம்பியதும் காட்சியின் நடுவிலேயே அறுந்துபோகும். ஒன்றின் கடைசியையும் இன்னொன்றின் முதலையும் பார்த்துப் பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

அப்படி அறுந்த இடங்களில் ஒன்று தாலி கட்டுகிற இடம். என் கணவர் முதல் முடிச்சைப் போட்டதும் மதினியின் கை என் கழுத்துக்குப் பின்னால் வருகிறது. அங்கே கோப்பு முடிகிறது. அடுத்த கோப்பைத் தேடி ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றைத் திறந்ததும் அவள் கணவர் வந்தார். அவள் முடிச்சுப் போடுவதற்கு வசதியாக என் மாலையை அவர் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அவரை அண்ணாந்து பார்த்து ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். பாட்டுச் சத்தத்தில் அது கேட்கவில்லை. நான் எழுந்துபோய்விடலாமா என்று நினைத்தேன். மதினி இரண்டு கோப்புகளையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, "இதுதான் அடுத்தது" என்று சொல்லிப் பெயரை மாற்றினாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

பந்திக் காட்சியை அன்றைக்கே கண்டுபிடித்தோம். ஒரு பாட்டு ஓய்ந்தது. பாத்திரச் சத்தம் கேட்டது, பிறகு அப்பாவின் குரல். அப்பா யார் தோளிலோ கைபோட்டு அழைத்து வருகிறார். "தம்பி, காலையிலிருந்து நிக்கீக. நீங்க இன்னும் சாப்பிடலியே. வாங்க, உங்களுக்கு நான் பரிமாறுதேன்." அப்பா தம்பி என்று அழைத்தது மதினியின் கணவரை. "நீங்க உக்காருங்க மாமா, நான் போடுதேன்" என்று அவர் சொன்னார். அதற்குள் அடுத்த பாட்டு வந்து இருவரையும் மூடிவிட்டது.

நான் அழுதேன். மதினி என் முதுகில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு என் மாமியார் வந்து நின்றார். திரையில் உறைந்திருந்த முகத்தைப் பார்த்துவிட்டு மகளிடம், "ஏட்டி, அந்த ஆளு வர்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துப்போடு. நாளைக்கு சம்பந்தி முன்னால உக்காந்து இந்த மூஞ்சியை நான் பாக்கணுமா?" என்றார்.

"வெட்டினா இவ அப்பா குரலும் போயிரும்மா."

"அங்க மட்டும் வச்சுக்கோ. மத்ததெல்லாம் எடு."

மதினி நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள். "நான் எங்கெங்கே இருக்கேனோ அங்கெல்லாம் அவரும் இருக்காரு. எடுத்தா என் தம்பி கல்யாணத்துல நானே இல்லாமப் போயிருவேன். அன்னைக்கு அவரு நல்லாத்தாம்மா இருந்தாரு. நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். அது பொய் இல்லையே."

என் மாமியார் உள்ளே போய், அலசிவைத்த துணிகளை மறுபடி அலசிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் சுலபமாக முடியவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்த் தட்டுகள் வீணாயின. ஒன்று ஓடியது, ஆனால் உதடு ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாக. இன்னொன்று கம்ப்யூட்டரில் நன்றாக ஓடி, பிளேயரில் பாதியில் நின்றது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு ப்ளேஸில் வெற்றுத் தட்டு விற்பவர், "மேடம், வேகத்தைக் குறைச்சு எழுதுங்க" என்று இந்தியில் சொன்ன யோசனைதான் கடைசியில் பலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திரையில் பிள்ளையார் படமும் எங்கள் பெயர்களும் தடங்கலில்லாமல் வந்தன. பிளேயருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த மதினி, "அச்சா, சல் கயா", அப்பாடா, ஓடிவிட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அம்மா வந்து இரண்டாம் நாள் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். பந்திக் காட்சி நெருங்கியதும் என் மாமியார் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்துபோனார். அப்பாவின் குரல் வந்தது, போனது. அம்மா அழவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "இன்னொரு தரம் போடு தாயி" என்றாள். மதினி ரிமோட்டை அழுத்தினாள். மறுபடியும் அதே தோள், அதே கை, அதே சிரிப்பு. அம்மா திரும்பவும் கேட்டாள். மதினி திரும்பவும் போட்டாள். அப்புறம்தான் அம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும். மதினியின் முகத்தைப் பார்த்து, "போதும்மா, உன்னைப் போய்ச் சங்கடப்படுத்துதேன்" என்றாள்.

"இல்ல அத்தை, நல்லா கேளுங்க" என்று மதினி ரிமோட்டை அம்மாவின் கையில் கொடுத்தாள். "இந்த பட்டனை அமுக்குனா நேரா அந்த இடத்துக்கே போயிரும். நீங்க தேட வேண்டாம்." புதிய கோப்புகளை உண்டாக்கும்போது அப்பா பேசும் இடத்தில் ஒரு அத்தியாயம் தொடங்கும்படி அவள் அமைத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். அம்மா பட்டனைத் தேடி அழுத்தினாள். என் மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்று, இம்முறை கடைசி வரை பார்த்தார்.

அடுத்த வருஷம் மதினிக்கு விவாகரத்து கிடைத்தது. முனிர்காவில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு தனியாகப் போனாள். மாடியில் துளசியும் கறிவேப்பிலையும் வைத்தாள். வாரக் கடைசியில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மறுபடியும் அவளாகப் பேச்சை ஆரம்பித்தாள். அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டபோது, "நல்லா இருக்கட்டும்" என்றதோடு விட்டுவிட்டாள்.

இப்போது அம்மாவும் இல்லை. எங்கள் வீட்டில் பிளேயரும் இல்லை. என் மகள் அந்தத் தட்டிலிருந்ததை எல்லாம் தன் போனுக்கு மாற்றி வைத்திருக்கிறாள். தில்லியில் பிறந்தவள், தாத்தாவைப் பார்த்ததில்லை, தமிழும் அரைகுறை. போன பொங்கலுக்கு மதினி வந்திருந்தபோது, என் மகள் அவள் பக்கத்தில் சோபாவில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தி வந்ததும் நிறுத்தி, "அத்தை, யே அங்கிள் கோன் ஹை?" என்று தாத்தாவுக்குப் பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, அவர் யாரென்று கேட்டாள்.

மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரா இருந்தவரு" என்றாள். "உங்க தாத்தா அவரைச் சாப்பிடக் கூப்பிடுதாரு. சத்தத்தைக் கூட்டி வை, கேளு. எவ்வளவு பிரியமாக் கூப்பிடுதாரு பாரு."