பட்ஜெட் கிழமையில் வந்த தையல் மெசின்

பட்ஜெட் கிழமை வந்தால் அந்த ஏழு நாளும் எங்கள் தெருவுக்கு வேறு வேலை இல்லை. எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அப்பா திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். தம்பலகாமத்து வயல்காரரின் காணி விண்ணப்பங்களை அடுக்கி வைப்பது அவர் உத்தியோகம். எதற்கு வரி கூடும், எதற்குக் குறையும் என்பது எங்களைப் போலவே அவருக்கும் றேடியோ சொன்னால்தான் தெரியும். யார் நம்பினார்கள்? அம்மா வழக்கத்தைவிட ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கூட வாங்கினால் போதும், மத்தியானத்துக்குள் தெருவே போத்தலும் கையுமாகக் கடைக்கு ஓடும்.

அந்த வருடம் அக்காவுக்கு ஒரு தையல் மெசின் வாங்குவதாக இருந்தது. படிப்பு முடித்துவிட்டு வீட்டிலிருந்த அவளுக்கு, ஊராருக்குக் கையாலேயே தைத்துத் தைத்து விரலெல்லாம் புண். கடைத்தெருவில், நாங்கள் நானா என்று கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் ஒருவரின் கடையில் ஒரேயொரு மெசின் இருந்தது. கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அக்கா அதன் முன்னால் நின்று கும்பிடாத குறைதான். காசு சேர்ந்ததோ சரியாகப் பட்ஜெட் கிழமையில். அப்பா மறுத்துவிட்டார்.

"இப்ப வாங்கினா, கச்சேரி ரகசியம் தெரிஞ்சு வாங்கினான் எண்டு சொல்லுவினம். ஒருத்தரும் அந்தக் கடைப்பக்கம் போகக் கூடாது."

நேர்மையான மனிதரோடு குடியிருப்பது எவ்வளவு கரைச்சல் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நாங்கள் போகவில்லை. போகாததற்கும் நானா ஒரு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார். பட்ஜெட் நாள் மத்தியானம், அப்பா கச்சேரிக் கந்தோரில் இருந்த நேரம், மெசினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். விலையையும் குறைத்திருந்தார்.

"எனக்கு விளங்கும் தங்கச்சி. கிளாக்கர் ஐயா இந்தக் கிழமை கடைப்பக்கமே வரல்ல. மெசின் விலை விழப்போகுது, என்ன?"

"எனக்கு ஒண்டும் தெரியாது நானா," என்றார் அம்மா. சத்தியமான பேச்சு. நானா அதற்கும் கண்ணைச் சிமிட்டிவிட்டு மெசினை இறக்கினார். அம்மா சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தார்.

பின்னேரம் றேடியோ சொன்னது: இறக்குமதிச் சாமான்களுக்கு வரி கூடியாயிற்று, தையல் மெசின் உட்பட. அப்பா கதிரையை விட்டு எழும்பினார். "விடிஞ்சதும் இது திரும்பிப் போகவேணும்." அக்கா சாப்பிடாமல் படுத்தாள். எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

விடிந்ததும் நானாவே வந்துவிட்டார். மெசினைத் திருப்பிக் கேட்கத்தான் வருகிறார் என்று அக்கா ஓடிப்போய் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"கொண்டு போங்கோ நானா," என்றார் அப்பா. "உங்களுக்கு நட்டம், எனக்குக் கெட்ட பேர்."

நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அக்காவின் விரல்களைப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு ஒண்டுமே தெரியாதெண்டு இப்பதான் நம்புறன். அரசாங்கம் வரி கூட்டினது இனிக் கப்பல்ல வாற மெசினுக்கு. இது போன வருசமே இறங்கிட்டு. இதுக்கு ஒரு சதமும் கூடல்ல. புள்ள தைக்கட்டும்."

பட்ஜெட்டுக்கு மறுநாள் ஒரு கடைக்காரர், பழைய சரக்குக்கு விலை கூடவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்பா திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தார். அம்மாதான் அகப்பையும் கையுமாகக் குசினி வாசலிலிருந்து கேட்டார்.

"அப்ப நானா, உங்கட கடையில ராவோட ராவா விலை ஏறின சட்டைச் சீத்தைத் துணியும் போன வருசம் இறங்கினதுதானே?"

நானா கையெடுத்துக் கும்பிட்டார். "தங்கச்சி, இதத் தெருவில மட்டும் சொல்லிப்போடாதீங்க!"

அன்றே சீத்தை பழைய விலைக்கு வந்தது. அக்கா எனக்கொரு சட்டை தைத்தாள். முதல் தையல் கோணலாகத்தான் போனது. கண்ணீரில் ஊசியே தெரியவில்லையாம்.