பாக்கி ஐந்து பேர்

இல்லை, வெயிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தொப்பி, தண்ணீர், சுடுமணல் என்று எங்கள் தீவின் ஹட் பே கடற்கரையில் பெற்றோருக்கு நானாகவேதான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

முடிக்கும்போது நிஷாவின் அம்மா எழுந்தார்.

“டீச்சர், நாளைக்குக் கப்பல்ல இவள அனுப்ப முடியாது. ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல தம்பிக்குப் புதுநன்மை, மொத மொத நற்கருணை வாங்குறான். பாக்கி அஞ்சு புள்ளைகள வச்சு ஆடுங்க.”

“எந்த அஞ்சு பேர், அக்கா? பீச் வாலிபாலுக்கு ரெண்டு பேர்தான். நிஷாவும் ரீமாவும். மாத்து ஆளே கிடையாது.”

“ரெண்டே பேரா? மத்ததுக எல்லாம் தினம் மட்டம் போடுதுன்னுல்லா நெனச்சேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். ரீமா மட்டும் பந்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். “மே அகேலி?” என்றாள். நான் மட்டும் தனியாகவா?

போர்ட் பிளேரில் நடக்கும் செலக்‌ஷனுக்கு இந்த ஒரு கப்பல்தான். ஒருத்தி ஏறாவிட்டால் மற்றவளும் ஏற முடியாது. அவ்வளவு நேரம் பேசிய நான் இதை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

புதுநன்மையை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லிப் பங்குச்சாமியாரிடம் கேட்டவர்கள் இங்கே யாராவது உண்டா? உயிரோடு திரும்பினீர்களா?

வலையை அவிழ்க்காமல் கோயிலுக்கு நடந்தேன். ரீமாவும் பந்தோடு கூடவே வந்தாள்.