பேர் மாற்றினால் பாடாது

என் மறைந்த கணவர் பாடிய ஒரே பாட்டு, டபிள்யூ.எம்.ஏ. கோப்பாக வீட்டுக் கணினியில் இருக்கிறது. என் குட்டி பிளேயரோ எம்.பி.த்ரீ மட்டுமே பாடும். நேற்று அதைப் பென் டிரைவில் எடுத்துப்போய், பொன்னேரி பிரவுசிங் சென்டரில் கொடுத்து மாற்றி வாங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டால் சத்தமே இல்லை.

இன்று மறுபடி போனேன்.

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிளேயர் பூட்ச்சு ஆயா. புச்சு வாங்கிக்க."

"நேத்து எப்படி மாத்துனீங்க? என் முன்னால செஞ்சு காட்டுங்க."

காட்டினார். கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு, எம்.பி.த்ரீ என்று அடித்தார். அவ்வளவுதான்.

"இது பேரை மாத்துறது. பாட்டு அப்படியேதான் இருக்கு. எழுந்திருங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இணையத்தில் படித்துவைத்திருந்த இலவச மென்பொருளை இறக்கி, நானே மாற்றினேன். இயர்போனில் கணவர் குரல் வந்தது. வழக்கம்போல இரண்டாம் அடியில் சுருதி விலகியது.

"எங்க மேடம் இதெல்லாம் கத்துக்கினீங்க?" என்றார். ஆயா மேடமாகியிருந்தேன்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். கல்யாணத்தன்று என் பெயருக்குப் பின்னாலும் கணவர் பெயரைச் சேர்த்தார்கள். உள்ளே எதுவும் மாறவில்லை என்று கணவருக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

உங்கள் வீட்டில் அது தெரிய எவ்வளவு நாள் ஆயிற்று?