ஆன்டெனாக் குழாயைப் பிடித்து நின்ற காலை

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாகக் காகிதத்தை எடுப்பேன், எழுதாமலே வைத்துவிடுவேன். எட்டாவதுதான் படித்தவள், எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. என் வீட்டுக்காரர் போன கதையை எங்கள் தெருவில் வேறு மாதிரி சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களிடம் நான் என்னத்தைச் சொல்ல?

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாதர் கோயில் பக்கம். அவருக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. கருப்பு வெள்ளை டிவி வாங்கியதும் மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு, டிவி டவர் இருக்கும் கொடைக்கானல் மலையைப் பார்த்து ஆன்டெனாவை அவரே கட்டினார். காற்றடித்தால் அது திரும்பிவிடும். படம் முழுக்கப் புள்ளியாகும், இல்லையென்றால் ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். அவர் மேலே ஏறித் திருப்புவார். நான் டிவி முன்னால் நின்று சொல்ல வேண்டும். எனக்குச் சத்தம் போட வராது.

"ஏட்டி, படம் வந்துட்டா இல்லையா? சன்னதியில வேண்டுற மாதிரி முனங்காத" என்று மேலேயிருந்து வைவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி தொடர் வரும். இந்தியில் பேசுவார்கள், ஒரு சொல் விளங்காது. கதைதான் தெரியுமே. அவர் குளித்துத் திருநீறு பூசி, டிவிக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் உட்காருவார். வனவாசம் புறப்பட்ட வாரம் அவர் சாப்பிடவேயில்லை.

கதை முடிவதற்குள் அவருக்கு நெஞ்சில் நோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்க ஆரம்பித்தால் பட்டாபிஷேகம் வரை கேட்க வேண்டும், பாதியில் விட்டால் ஆகாது என்பார்கள். அவருக்கும் அந்த ஒரு ஆசைதான் மிச்சம்.

"பட்டாபிஷேகம் பாத்துட்டாப் போதும்ட்டி. பொறவு அவன் கூப்பிட்டா, இந்தா வாரேன்னு கெளம்பிருவேன்."

அந்த நேரம் பார்த்து மேல்காற்று ஆரம்பித்தது. படம் நிற்கவேயில்லை. ரிப்பேர் கடைக்காரர் வந்து, வயர் சேரும் இடத்தில் பச்சை பிடித்திருக்கிறது என்று சுரண்டிக் கட்டினார். இரண்டு நாள் தெளிவாக இருந்தது, திரும்பவும் புள்ளி. எதிர்வீட்டு அக்கா அவரைத் தங்கள் வீட்டு டிவிக்குத் தூக்கி வரச் சொன்னார்கள். நாலு பேர் நடுவில் இருமிக்கொண்டு கிடக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆகவே நான் மாடி ஏறினேன். அவருக்கு மாடிக்குக் கேட்கிற அளவுக்குக் குரல் கிடையாது. கட்டில் பக்கத்தில் எவர்சில்வர் தம்ளரும் கரண்டியும் வைத்தோம். படம் போனால் தட்டுவது, நன்றாக இருந்தால் சும்மா இருப்பது.

"உன்ன மாதிரி முனங்க மாட்டேன், பாரு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

பட்டாபிஷேகம் வந்த ஞாயிறு, தெருவெல்லாம் சாம்பிராணி மணம். அவருக்குத் திருநீறு பூசி, தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு மேலே போனேன். குழாயைத் திருப்பினேன். தட்டினார். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். சத்தம் நின்றது. கையை எடுத்தேன், உடனே தட்டினார். திரும்பப் பிடித்தேன், நின்றது. என் கை குழாயில் இருந்தால்தான் படம் நிற்கிறது என்று புரிந்தது. சரி, அவர் பார்த்தால் நான் பார்த்த மாதிரிதான் என்று பிடித்துக்கொண்டே நின்றேன். காற்று சேலையை இழுத்தது.

எல்லா வீட்டிலிருந்தும் ஒரே சத்தம் மேலே வந்தது. சங்கு ஊதினார்கள், மேளம் கொட்டியது, எதிர்வீட்டில் குலவை போட்டார்கள். முடி சூட்டுகிறார்கள் என்று தெரிந்தது. இரண்டு கையும் கூப்பினால் அவருக்குப் படம் போய்விடுமே என்று ஒரு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டேன். கீழேயிருந்து தட்டும் சத்தமே இல்லை. வைத்தியநாதா, நல்லபடியாகப் பார்க்க வைத்துவிட்டாய் என்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

எல்லாம் முடிந்து இறங்கி வந்தேன். நான் கையை எடுத்துவிட்டதால் டிவியில் புள்ளிதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் அதைப் பார்த்தபடி இருந்தது. கரண்டி போர்வை மடிப்பில் கிடந்தது. கையைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது.

எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. படம் தெளிவாக இருந்ததால் தட்டவில்லையா, கை ஓய்ந்ததால் தட்டவில்லையா, முடி சூட்டியதைப் பார்த்தாரா, அதற்கு முன்னாலேயே போய்விட்டாரா?

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "பட்டாபிஷேகம் பாத்துக்கிட்டே போயிருக்காரு. எம்புட்டுப் புண்ணியம் பண்ணிருக்கணும்" என்றார்கள். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அது தெருத் தெருவாகப் போய், கைகூப்பியபடி இருந்தார் என்றும், நின்ற டிவி தானாக ஓடியது என்றும் ஆகிவிட்டது. அவர் கை கூப்பியிருக்கவில்லை. ஒரு கை தம்ளர் பக்கம் நீட்டினாற்போல் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கை தட்டுவதற்காக நீண்டதா என்று சன்னதியில் நின்று இன்றும் கேட்கிறேன். தெரியாமலே இருக்கட்டும் என்பது சாமி சித்தம் போலும்.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். பார்த்தார் என்று என் மனம் குளிர்வதற்காகச் சேர்க்க வேண்டாம், பார்க்கவில்லை என்றும் சொல்ல வேண்டாம். அவர் பெண்டாட்டி மேலே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கீழே சத்தம் கேட்கவில்லை. அம்புட்டுத்தான் நடந்தது.